குடற்புழுவுக்கு ஒரு தடுப்பூசி



பேரா மாநிலத்துத் தோட்டங்களில் ஆடு வளர்க்காத லயம் அந்நாளில் குறைவு. முன்வாசலில் முருங்கை மரம், பின்புறம் கோழிக்கூடு, அதற்கும் பின்னால் நான்கு கால் நட்டுப் பலகை பரப்பிய ஆட்டுக் கொட்டகை. நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டமும் இப்படித்தான் இருந்தது. பால்மரக் காட்டு வேலை முடிந்து, பசியாறி, வெயில் சற்றுத் தணிந்த பிறகு பாட்டி ஆடுகளை அவிழ்த்துக்கொண்டு காட்டு ஓரமாகப் போவார். சம்பளம் அரிசிக்கும் மளிகைக் கடைப் பற்றுக்கும் சரியாகப் போய்விடும். ஜனவரியில் பள்ளி திறக்கும்போது சீருடைக்கும் காலணிக்கும் புத்தகப்பைக்கும் வழி அந்தக் கொட்டகைதான். தீபாவளிக்கு முன் இரண்டு கிடா விலைபோனால் அந்த ஆண்டு படிப்புக்குக் கவலையில்லை.

நாங்கள் ஆரம்பப் பள்ளியில் படித்த ஓராண்டில், மழை விடுவதற்குள் எங்கள் ஏழு ஆடுகளில் ஐந்து செத்தன. முதலில் மேய்ச்சல் குறைந்தது. பிறகு கீழ்த்தாடைக்கு அடியில் நீர் கோத்து, பை தொங்குவதுபோல் வீங்கியது. கண்ணூறு என்றார்கள் சிலர். கறுப்புக் கயிறு கட்டினோம். அப்பா பட்டணத்துக்குப் போய்ப் புழு மருந்து வாங்கி வந்தார். வாங்கியது மூன்று ஆட்டுக்குப் போதுமான மருந்து. அதை ஏழு ஆட்டுக்கும் பகிர்ந்து ஊற்றினோம். வீட்டில் யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை. இருக்கிற கறியை எல்லாருக்கும் பங்கிடும் வழக்கத்தில் வந்த காரியம் அது. செத்த ஆடு ஒன்றை மாமா அறுத்துப் பார்த்தபோது, அதன் நான்காம் இரைப்பையின் உட்சுவரில் சிவப்பு மயிர்போல ஏதோ நெளிந்தது. ஒன்றல்ல, நூறல்ல. கைவைக்கும் இடமெல்லாம் அதுவே.

அந்தச் சிவப்பு மயிரைப் பற்றியும், அதற்கு எதிராக ஒரு தடுப்பூசி காண்பதற்கு உலகம் பட்ட பாட்டைப் பற்றியும்தான் இன்று பேசப்போகிறோம்.

அதன் பெயர் ஹீமோங்கஸ் கண்டார்ட்டஸ். 1803ஆம் ஆண்டிலேயே ருடால்ஃபி என்ற ஐரோப்பிய அறிஞர் அதை விவரித்து எழுதியிருக்கிறார். பெண் புழு இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இரத்தம் நிறைந்த சிவப்புக் குடலைச் சுற்றி, முட்டை நிறைந்த வெள்ளைக் குழாய் முறுக்கிக்கொண்டு போகும். கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறிமாறி அடித்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர்களுக்கு முடிதிருத்தும் கடை வாசலில் சுழலும் வரிக்கம்பம் நினைவுக்கு வந்ததால், அதை நாவிதர் கம்பப் புழு என்று அழைத்தார்கள். ஈப்போவின் பழைய கடைத்தெருக்களில் அத்தகைய கம்பத்தைப் பார்த்தவர்களுக்கு உவமை உடனே விளங்கும்.

ஒரு புழு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர் இரத்தத்தை ஆட்டிடமிருந்து எடுத்துவிடுகிறது. ஒரு சொட்டுதானே என்று தோன்றும். ஆயிரம் புழு இருந்தால் நாளொன்றுக்கு 50 மில்லிலிட்டர். 25 கிலோ எடையுள்ள ஆட்டின் உடம்பில் உள்ள மொத்த இரத்தமே இரண்டு லிட்டருக்கும் குறைவு. தாடையில் நீர் கோப்பது இதனால்தான். இரத்தத்தில் புரதச் சத்து குறையும்போது நீர் வெளியே கசிந்து தாழ்வான இடத்தில் தங்குகிறது. கண்ணூறுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டை இடும். அவை புழுக்கையோடு தரையில் விழும். வெப்பமும் ஈரமும் உள்ள நம் நாட்டில் ஒரு வாரத்துக்குள் முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து, ஆட்டைத் தொற்றும் பருவத்தை அடைந்துவிடும். பிறகு புல்லில் படிந்த ஈரத்தின் வழியாக மேலே ஏறி, ஆடு வந்து கடிக்கும்வரை காத்திருக்கும். பனி உலர்வதற்கு முன் ஆட்டை அவிழ்க்காதே என்று பாட்டி சொல்லிக்கொண்டிருந்தார். குளிர் தாக்கும் என்பது அவர் சொன்ன காரணம். காரணம் வேறாக இருந்தாலும் சொன்ன நேரம் சரியானது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் புழு ஆட்டின் வயிற்றுக்குள் பெருகுவதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு புழுவும் புல்லோடு விழுங்கப்பட்டது. கிருமி அப்படியல்ல, ஒன்று உள்ளே போனால் கோடியாகிவிடும். இந்த வேற்றுமை பின்னால் நமக்குப் பயன்படும்.

மனிதன் இந்தப் புழுவோடு முதலில் மருந்தைக் கொண்டுதான் போரிட்டான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மயில்துத்தக் கரைசலையும் புகையிலைச் சத்தையும் ஆட்டின் வாயில் ஊற்றினார்கள். சில வேளைகளில் ஆடும் புழுவும் சேர்ந்தே போயின. 1961இல் தையபெண்டசோல் என்ற மருந்து வந்தது. மேய்ப்பர்கள் கொண்டாடினார்கள். 1964லேயே அது சில இடங்களில் பலிக்கவில்லை என்ற செய்தியும் வந்துவிட்டது. அடுத்து லெவாமிசோல். 1981இல் ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் சத்தோஷி ஓமுரா கண்டெடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த அம்மருந்துக்காக அவரும் வில்லியம் கேம்பல் என்பவரும் 2015இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதையும் எதிர்த்து வாழும் புழு, மருந்து வந்து பத்தாண்டு நிறைவதற்குள் தென்னாப்பிரிக்கச் செம்மறிகளிடம் காணப்பட்டது.

புழு எப்படித் தப்பிக்கிறது? மருந்து ஊற்றும்போது பலவீனமானவை சாகின்றன. எப்படியோ தாங்கும் தன்மை உள்ள சில மிஞ்சுகின்றன. அடுத்த தலைமுறை அந்தச் சிலவற்றின் பிள்ளைகள். அளவு குறைத்து ஊற்றினால் மிஞ்சுபவை இன்னும் அதிகம். நாங்கள் ஏழு ஆட்டுக்குப் பகிர்ந்து ஊற்றியது ஆட்டுக்கு மருந்தாகவில்லை, புழுவுக்குப் பயிற்சியாயிற்று. அதிலும் வெள்ளாட்டின் உடல், செம்மறியைக் காட்டிலும் விரைவாக மருந்தைக் கழித்துவிடும். செம்மறிக்கு எழுதிய அளவை வெள்ளாட்டுக்குக் கொடுத்தாலே குறை மருந்துதான். எவ்வளவு கொடுப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே கொடுக்க வேண்டும்.

நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1970களிலும் 80களிலும் பால்மரத்துக்கு அடியில் செம்மறி வளர்க்கும் திட்டத்தை ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் முன்னின்று நடத்தியது. களைக்கொல்லி தெளிக்கும் செலவு மிச்சம். ஆடு களையைத் தின்னும், இறைச்சியும் கிடைக்கும், புழுக்கை எருவாகும் என்பது எண்ணம். நாட்டு ஆட்டோடு டார்செட் ஹார்ன் முதலிய வெளிநாட்டுக் கிடாக்களைச் சேர்த்துக் கலப்பினம் உண்டாக்கினார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் மரநிழலும் ஈரமும் ஆட்டுக்கு மட்டும் இதமாக இல்லை. புழுக்குஞ்சுக்கும் இதமாக இருந்தன. குளிர்நாட்டு வழியில் வந்த ஆடு இந்தப் புழுவிடம் எளிதில் தோற்கும். ஆகவே மருந்து, மேலும் மருந்து, அதற்கு மேலும் மருந்து என்றாயிற்று.

அந்த மருந்துகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தேடிப் பார்த்த வேலையில் நம் ஈப்போவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1948இல் நிறுவப்பட்ட கால்நடை ஆராய்ச்சிக் கழகம் ஈப்போவில்தான் இருக்கிறது. கோழிக்கும் மாட்டுக்கும் தடுப்பூசி தயாரித்த இடம் என்று தோட்டத்துப் பெரியவர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே பணியாற்றிய டாக்டர் சந்திரவதனி பஞ்சாட்சரம் வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து ஆட்டுப் பண்ணைகளைச் சோதித்து, தீபகற்ப மலேசியாவில் மருந்து எதிர்ப்பு பரவியிருப்பதை 1999இல் எழுதினார். 2003இல் வெளிவந்த ஆய்வு, ஒரே பண்ணையில் பலவகை மருந்துகளும் தோற்றுப்போனதைக் காட்டியது. 2004இல் வந்ததோ சபாவிலுள்ள அரசாங்க இனப்பெருக்கப் பண்ணைகளைப் பற்றியது. எந்த மருந்தும் பலிக்கவில்லை என்பதே அதன் தலைப்பின் சாரம். அரசாங்கப் பண்ணைக்கே இந்தக் கதி என்றால் லயத்துக் கொட்டகைக்கு என்ன கதி!

அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. புழுக்குஞ்சைக் கண்ணி வைத்துப் பிடித்துத் தின்னும் ஒருவகைப் பூஞ்சணத்தைத் தீவனத்தில் கலந்து பார்த்தார்கள். பச்சை வேப்பிலையை நாள்தோறும் ஆட்டுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனை 2006இல் வெளிவந்தது. நம்மவர்களுக்கு இதைக் கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆயினும் வேப்பிலை ஒன்றே போதும் என்று சொல்லும் அளவுக்கு அதில் விடை வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம்.

மருந்து தோற்றால் மிஞ்சுவது தடுப்பூசி. 1881இல் பாஸ்டர் செம்மறிகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பூசி போட்டு உலகை வியக்க வைத்தார். மாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்ற வெக்கை நோய், தடுப்பூசியால் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 2011இல் அறிவிக்கப்பட்டது. பிறகு புழுவுக்கு ஏன் இத்தனை தாமதம்?

கிருமி சிறியது, எளியது. அதன் மேல்தோலில் உள்ள ஓர் அடையாளத்தை உடலுக்குக் காட்டிக்கொடுத்தால், உடல் அதை நினைவில் வைத்து எதிர்ப்பொருள் உண்டாக்கும். புழு அப்படி இல்லை. அதற்குத் தோல் உண்டு, குடல் உண்டு, நரம்பு உண்டு. வளர வளரச் சட்டையை உரித்துப் புதுச் சட்டை போடும். உடல் ஒரு சட்டையை அடையாளம் கண்டு எதிர்க்கத் தொடங்கும்போது புழு வேறு சட்டையில் இருக்கும். அன்றியும், எதிர்ப்பை மந்தப்படுத்தும் பொருள்களையும் அது சுரக்கும்.

என்றாலும் உடல் முழுதும் கையாலாகாதது அன்று. நார்மன் ஸ்டோல் என்ற அமெரிக்கர் 1929இல் ஒன்றைக் கண்டார். மீண்டும் மீண்டும் இந்தப் புழுவை விழுங்கிய செம்மறிகள் ஒரு கட்டத்தில் உள்ளிருந்த புழுக்களைத் தாமாகவே வெளியேற்றிவிட்டன. ஆகவே எதிர்ப்பு என்பது நடக்கக்கூடிய காரியமே. அதைப் புட்டியில் அடைப்பது எப்படி என்பதுதான் கேள்வி.

முதல் வெற்றி வேறொரு புழுவின்மேல் கிடைத்தது. ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஜாரட்டும் அவரது தோழர்களும் மாட்டின் நுரையீரலில் வாழும் புழுவின் குஞ்சுகளை எடுத்து, அவற்றின்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினார்கள். குஞ்சு சாகவில்லை, முடமாயிற்று. கன்று அதைக் குடித்தால், உள்ளே போய் உடலுக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளும். வளர்ந்து நோய் உண்டாக்காது. 1959இல் அது விற்பனைக்கு வந்தது. கால்நடைகளின் புழுவுக்கெதிராகக் கடைக்கு வந்த முதல் தடுப்பு மருந்து அதுவே. அதே முறையில் காஷ்மீரத்துச் செம்மறிகளின் நுரையீரல் புழுவுக்கு இந்திய அறிஞர்களும் தடுப்பு மருந்து செய்தார்கள்.

இதையே நம் சிவப்புப் புழுவுக்கும் செய்து பார்த்தார்கள். வளர்ந்த செம்மறிகள் தப்பின. குட்டிகளுக்குப் பலிக்கவில்லை. சாகிறது பெரும்பாலும் குட்டிதானே! அந்த வழி அங்கே நின்றுபோயிற்று.

பல ஆண்டுகள் கழித்து வேறொரு யோசனை பிறந்தது. எங்கள் பார்வையில் இந்த வரலாற்றில் மிக அழகான இடம் அதுதான். அதுவரை எல்லாரும் இயற்கையைப் பின்பற்றினார்கள்: உடல் எதைப் பார்த்து எதிர்க்கிறதோ அதையே கூடுதலாகக் காட்டுவது. 1980களில் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகே எட்வர்ட் மன் என்பவரும், பின்னர் எடின்பரோவுக்கு அருகிலுள்ள மோர்டன் ஆய்வு நிலையத்தாரும் அதைத் திருப்பிப் போட்டார்கள். ஆடு ஒருபோதும் பார்க்காத பகுதி புழுவில் எது? அதன் குடலின் உட்சுவர். அதிலுள்ள புரதம் ஆட்டின் கண்ணில் படுவதே இல்லை. ஆகவே அதை மறைத்துக்கொள்ளவும் புழு கற்கவில்லை.

அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்து ஆட்டுக்கு ஊசியாகப் போட்டால் ஆட்டின் இரத்தத்தில் அதற்கான எதிர்ப்பொருள் ஊறும். புழு என்ன செய்யும்? வழக்கம்போல் இரத்தத்தைக் குடிக்கும். குடிக்கிற இரத்தத்தோடு எதிர்ப்பொருளும் உள்ளே போய்க் குடற்சுவரில் ஒட்டிக்கொள்ளும். செரிமானம் கெட்டு, இரத்தக் குளத்தில் இருந்துகொண்டே புழு பட்டினி கிடக்கும். முட்டை இடுவது குறையும், பிறகு சாகும். புழு எதனால் வாழ்கிறதோ அந்த உணவே அதற்கு நஞ்சாகிறது.

மோர்டன் நிலையத்தின் பிறப்பையும் சொல்ல வேண்டும். 1920இல் ஸ்காட்லாந்து விவசாயிகள் ஒன்றுகூடி, தங்கள் ஆடுமாடுகளின் நோயை ஆராயச் சொந்தமாக அமைத்த சங்கத்திலிருந்து வளர்ந்தது அது. தோட்டத்தில் கூட்டுறவுக் கடை நடத்திப் பழகிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

யோசனையிலிருந்து ஊசிக்கு வர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. காரணம் வேடிக்கையானது. அந்தப் புரதத்தை ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவிலும் பூச்சி உயிரணுக்களிலும் செயற்கையாகச் செய்து பார்த்தார்கள். அது ஆட்டைக் காக்கவில்லை. உண்மையான புழுவிலிருந்து எடுத்ததுதான் காத்தது. பிறகு ஒரு நல்ல செய்தி கிடைத்தது. ஓர் ஊசிக்கு 5 மைக்ரோகிராம் புரதம் போதும், அதாவது ஒரு கிராமில் இரண்டு இலட்சத்தில் ஒரு பங்கு. அப்படியானால் புழுவிடமிருந்தே எடுத்துவிடலாம். மேற்கு ஆஸ்திரேலியாவின் அல்பனி என்ற ஊரில், செம்மறிகளுக்குப் புழுவைக் கொடுத்து வளர்த்து, அவை இறைச்சிக்கு அறுக்கப்படும்போது இரைப்பையிலிருந்து புழுக்களைச் சேகரித்து, அவற்றிலிருந்து தடுப்பூசி செய்தார்கள். 2014இல் பார்பர்வேக்ஸ் என்ற பெயரில் அது ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. நாவிதர் கம்பம் பெயரிலும் வந்துவிட்டது பாருங்கள்.

இதே மறைவிடத் தந்திரத்தை ஆஸ்திரேலியர்கள் மாட்டு உண்ணியின்மேல் முன்பே செலுத்தியிருந்தார்கள். உண்ணியின் குடற்புரதத்தைக் கொண்டு செய்த தடுப்பூசி 1994இல் அங்கே வந்தது. அங்கே செயற்கைப் புரதமே பலித்தது. உண்ணிக்குப் பலித்தது புழுவுக்குப் பலிக்காமல் போனதுதான் இந்தத் துறையின் வீம்பு.

பார்பர்வேக்ஸ் எல்லாப் புழுவையும் கொல்வதில்லை. புல்லில் விழும் முட்டையை ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு குறைக்கிறது. அது போதுமா என்று கேட்கலாம். புழு வயிற்றுக்குள் பெருகுவதில்லை என்று முன்னர் சொன்னோமல்லவா? முட்டை குறைந்தால் புல் சுத்தமாகும். புல் சுத்தமானால் அடுத்த மாதம் விழுங்கப்படும் புழு குறையும். மருந்தை வெல்லக் கற்ற புழுவும் இந்த ஊசியிடம் அகப்படும், ஏனெனில் வழி வேறு.

குறை என்ன? உடல் இயற்கையாகப் பார்க்காத பொருள் என்பதால், புழு உள்ளே வந்தாலும் உடலுக்குப் பழைய நினைவு திரும்புவதில்லை. நாம்தான் ஊசியால் நினைவூட்ட வேண்டும். குட்டிக்கு மூன்று நான்கு வார இடைவெளியில் மூன்று ஊசி, பிறகு ஆறு வாரத்துக்கு ஒன்று. ஆஸ்திரேலியாவில் புழுக்காலம் முடிந்தால் ஊசியும் நிற்கும். பேராவில் புழுவுக்கு ஓய்வுக்காலம் ஏது? ஆண்டு முழுதும் மழை, ஆண்டு முழுதும் ஊசி என்றால் பத்து ஆடு வைத்திருப்பவர் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். அன்றியும் அது செம்மறிக்கென்று பதிவான ஊசி. வெள்ளாட்டில் சோதனைகள் நடந்திருக்கின்றன. நம் கொட்டகையில் இருப்பதோ பெரும்பாலும் வெள்ளாடு.

ஆகையால் இப்போதைக்கு நம் கையில் உள்ளதைச் சொல்கிறோம். 1990களில் தென்னாப்பிரிக்காவில் ஒரு வண்ண அட்டை செய்தார்கள். ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்து, உட்புற நிறத்தை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பு என்றால் மருந்து வேண்டாம். வெளிறிப் போயிருந்தால் அந்த ஆட்டுக்கு மட்டும் முழு அளவு மருந்து. எல்லா ஆட்டுக்கும் ஊற்றாததால், மருந்துக்குப் பழகாத புழுக்களும் பிழைத்திருந்து, பழகிய புழுக்கள் மட்டும் பெருகுவதைத் தடுக்கின்றன. மேய்ச்சலையும் பத்துப் பகுதியாகப் பிரித்து, மூன்று நான்கு நாளைக்கு ஒன்றாக மாற்றினால், ஆடு திரும்பி வருவதற்குள் குஞ்சுகளில் பெரும்பாலானவை பட்டினியால் செத்திருக்கும். வெப்ப நாட்டில் குஞ்சு விரைவில் பிறப்பதுபோலவே விரைவில் சாகவும் செய்கிறது.

நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. லயம் இல்லை. ஆனால் எங்கள் பள்ளிப் பிள்ளைகளில் சிலரின் வீட்டில் ஆடு இருக்கிறது. சென்ற ஆண்டு அறிவியல் பாடத்தில் இந்த இமைச் சோதனையைச் சொல்லிக்கொடுத்தோம். அடுத்த திங்கட்கிழமை ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கணக்குப் புத்தகத்தின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள்: ஆடு ஒன்பது, சிவப்பு ஆறு, வெளிறியது இரண்டு, ஒன்று பிடிக்க விடவில்லை.